பட்டையைக் கழற்றிவிட்டால் ஆக்ஸிலை யார் பிடிப்பது?

2024 ஜனவரி 20, குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வி

வேனில் பின்பக்கப் பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கை, கழற்றிவிட்டு இரண்டு காற்று பலூன் மாட்டினால் பஸ் மாதிரி மிதந்து போகும் என்கிறார்கள். பலூன், கம்ப்ரசர், டேங்க் எல்லாம் வாங்கிவிட்டேன். இப்போது ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் லிங்க், ராடு என்று இன்னொரு செலவு சொல்கிறார்கள். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் இருந்த இடத்திலேயே பலூனை உட்கார வைத்தால் ஆகாதா? லிங்க் எதற்கு?

ஜனவரி 20, இரவு

ஆகாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பட்டை என்பது வெறும் ஸ்பிரிங் இல்லை. எடையைத் தாங்குவது அதன் ஒரு வேலைதான். ஆக்ஸில் முன்னே பின்னே ஓடாமல் பிடிப்பது, பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது, வண்டி இழுக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) உருண்டுவிடாமல் தடுப்பது, இந்த மூன்றையும் அதே பட்டைதான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பலூனுக்கு எடை தாங்கும் வேலை மட்டும்தான் தெரியும். உங்களிடம்தான் பலூன் இருக்கிறதே, அதில் கொஞ்சம் காற்றடித்துத் தரையில் வைத்து மேல் தகட்டை உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் தள்ளினாலே சாய்ந்துவிடும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால், அது ஊஞ்சல் மாதிரி ஆடும். அதை நம்பி ஹைவேயில் 80-இல் போய் பிரேக் போட்டால் ஆக்ஸில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜனவரி 21

நேற்று கோபமாக எழுதியதுபோல் தெரிகிறது, கோபம் இல்லை, பயம். நானும் இப்போது என் வேனில் இதே மாற்றத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தொழிலில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வீடு சத்துவாச்சாரி. தம்பிக்கு 2016-இல் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையத்துக்கு அடிக்கடி போய் வருகிறோம். 1966-இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸும் விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். அங்கே போகும்போதெல்லாம் தம்பி அவரைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே வருவான்.

அவனுக்காகத்தான் இந்த வேன். பழைய வண்டி, ஏணி வடிவ லேடர் சேசிஸ், பின்சக்கரம் இழுப்பது, பின்னால் பட்டை. பின்கதவில் தளம் தரையிலிருந்து 640 மி.மீ. உயரம். சாய்தளப் பலகை 2.1 மீட்டர். தம்பியும் நாற்காலியும் சேர்ந்து 96 கிலோ. கணக்குப் போட்டால் ஏற்றும்போது தள்ள வேண்டிய விசை சுமார் 29 கிலோ. நான் வேலைக்குப் போன நேரத்தில் தள்ளுவது அம்மா. அம்மாவுக்கு 58 வயது.

காற்றைத் திறந்துவிட்டு வண்டியின் பின்பகுதியை 100 மி.மீ. இறக்கினால் தளம் 540-க்கு வரும், விசை 25 கிலோவுக்குக் கீழே வரும். சொகுசு இரண்டாவது காரணம்தான், முதல் காரணம் இந்த மண்டியிடுதல். 2001-இல் இந்தியாவுக்கு வந்த வால்வோ பஸ்கள் வேலூர் பைபாஸில் ஓட ஆரம்பித்தபோது, ஒன்று நின்று புஸ்ஸென்று காற்றுவிட்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

ஜனவரி 27

எந்த லிங்க் அமைப்பு என்று ஆரணியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பார்த்தது மூன்று.

கீழே இரண்டு, மேலே இரண்டு, எல்லாம் வண்டி நீளவாக்கில். பக்கவாட்டுக்கு ஒரு குறுக்கு ராடு, அதாவது பேனார்டு ராடு. இன்னோவா மாதிரி வண்டிகளில் கிட்டத்தட்ட இந்தக் குடும்பம்தான், அடியில் குனிந்து பார்த்தாலே புரியும். இரண்டாவது, மேல் லிங்க் இரண்டையும் வி வடிவத்தில் சாய்த்துவிடுவது. அப்போது குறுக்கு ராடே வேண்டாம், ஆனால் எங்கள் வேனில் அந்த வி விழும் இடத்தில் டீசல் டேங்க் இருக்கிறது. மூன்றாவது, குறுக்கு ராடுக்குப் பதில் வாட்ஸ் லிங்க், அதாவது நடுவில் சுழலும் ஒரு துண்டோடு சேர்ந்த இரண்டு ராடு. 2022-இல் வந்த ஸ்கார்ப்பியோ என்-இல் இருப்பது அது. ஆக்ஸில் நேர்கோட்டில் ஏறி இறங்கும், அழகான வேலை. ஆனால் மூட்டுகள் அதிகம், ஒவ்வொரு மூட்டும் ஒரு நாள் ஆட்டம் கொடுக்கும்.

நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். அளக்கச் சுலபம், பழுது பார்க்கச் சுலபம், மூட்டுக்குள் போடும் புஷ் கிடைக்கும்.

பிப்ரவரி 3

அட்டை வேலை முடிந்தது. இரும்பை வெட்டும் முன் இதை எல்லோரும் செய்யுங்கள்: பிரிட்ஜ் வந்த கனமான அட்டையில் ஹவுசிங், லிங்க் எல்லாம் உண்மையான அளவில் வெட்டி, மூட்டு இருக்கும் இடத்தில் ஆணி அடித்து, சுவரில் மாட்டி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அட்டை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

கீழ் லிங்க் 650 மி.மீ., மேல் லிங்க் தளம் இடிப்பதால் 450-தான் வைக்க முடிந்தது. இரண்டும் மட்டமாக இருக்கும் நிலையிலிருந்து ஆக்ஸில் 100 மி.மீ. ஏறினால், அதாவது வண்டி அந்த அளவு இறங்கினால், கீழ் முனை 7.7 மி.மீ. முன்னால் வருகிறது, மேல் முனை 11.2. இந்த 3.5 மி.மீ. வித்தியாசம் ஹவுசிங்கைத் திருப்புகிறது, பினியன் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் முனை) சுமார் 1 டிகிரி கீழே பார்க்கிறது. இந்த அளவு பரவாயில்லை, ஏனென்றால் முழுதாக இறங்கிய நிலையில் வண்டி நின்றுகொண்டிருக்கும், ஓடாது. ஓடும் உயரத்தில் பினியனும் கியர்பாக்ஸ் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 60-க்கு மேல் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டு இரண்டும் தளத்தைத் தடதடக்க வைக்கும். இரண்டு லிங்கும் ஒரே நீளம், ஒரே சாய்வு என்று வைக்க இடமிருந்தால் பினியன் கோணம் மாறவே மாறாது. இடம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பிப்ரவரி 4

லிங்க் குழாய்க்கு நேற்று மனதில் வைத்திருந்த கணக்கு தப்பு. இதைக் கட்டாயம் படியுங்கள்.

பின் ஆக்ஸிலில் 1000 கிலோ, டயருக்கும் தரைக்கும் பிடிப்பு 0.7 என்று வைத்தால் பிரேக்கில் தரை பின்னால் இழுப்பது 700 கிலோ. இரண்டு கீழ் லிங்க் இருக்கிறது, ஆளுக்கு 350 என்று நினைத்திருந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: இழுப்பு நடப்பது ஆக்ஸிலில் இல்லை, 340 மி.மீ. கீழே, டயர் தரையைத் தொடும் இடத்தில். ஹவுசிங் நெம்புகோலாகிவிடுகிறது. கீழ் லிங்க் ஆக்ஸில் மையத்துக்கு 50 மி.மீ. கீழே, மேல் லிங்க் 170 மேலே. மேல் மூட்டைச் சுற்றித் திருப்புவிசை எடுத்தால் 700-ஐ 510-ஆல் பெருக்கி 220-ஆல் வகுக்க வேண்டும், 1620 கிலோ வருகிறது. ஒவ்வொரு கீழ் லிங்கிலும் 810. மேல் லிங்க் ஒவ்வொன்றிலும் 460, அது எதிர்த்திசையில்.

முதல் அட்டையில் மேல் லிங்க் 70 மி.மீ. உயரத்தில்தான் இருந்தது. அப்படி விட்டிருந்தால் கீழ் லிங்க் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 1200 வந்திருக்கும். மேல், கீழ் மூட்டுகளுக்கு நடுவே உயர இடைவெளி குறையக் குறைய விசை ஏறுகிறது. இது சமதரையில் போடும் பிரேக்கின் கணக்கு மட்டும். பள்ளத்தில் விழுந்து எழும் அடியை நினைத்து நான் மூன்று மடங்கு வைத்தேன். தையல் இல்லாத குழாய் தவிர வேறு எதையும் வாங்கவில்லை.

பிப்ரவரி 11

ஆரணிக்காரர் மறுபடி: பலூனை ஆக்ஸில் மேலே வைக்க இடம் இல்லை, கீழ் லிங்க் மேலேயே முன்னால் தள்ளி வைக்கலாமா?

வைக்கலாம், வைத்த வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் விலை தெரிந்து வையுங்கள். மூட்டிலிருந்து ஆக்ஸில் 700 மி.மீ., பலூன் 525 மி.மீ. என்றால் விகிதம் 0.75. சக்கரத்துக்கு 400 கிலோ என்றால் பலூனுக்கு 533. அதோடு சக்கரம் உணரும் விறைப்பு 0.75-இன் வர்க்கம், அதாவது பாதிக்குச் சற்று மேல்தான். அந்த லிங்க் இனி இழுப்பும் தள்ளலும் மட்டும் வாங்கும் குழாய் இல்லை, வளையும் உத்தரம். அதற்குப் பெட்டி வடிவ இரும்பு வேண்டும்.

நான் ஆக்ஸில் மேலேயே வைத்தேன். என் பலூனின் பயன்பரப்பு ஓடும் உயரத்தில் 180 சதுர செ.மீ. காலி வண்டியில் ஒன்றுக்கு 400 கிலோ, 32 பி.எஸ்.ஐ. எல்லோரும் ஏறினால் 520 கிலோ, 41 பி.எஸ்.ஐ. வெறும் பெருக்கல் வகுத்தல்தான், கடைக்காரர் சொல்லும் எண்ணை வாங்கிக்கொள்ளாமல் நீங்களே போடுங்கள். ஊதிய பலூனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது காலியாக இருக்கட்டும், சைலன்சர் பக்கம் இன்னும் அதிகம்.

பிப்ரவரி 25

சட்டம். குடியாத்தத்துக்காரர் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தயாரித்த நிறுவனம் கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் உடல் குறைபாடு உள்ளவருக்காக மாற்றப்பட்ட, அவருக்காக மட்டுமே பயன்படும் வண்டிக்கு அடாப்டட் வெஹிகிள் என்று தனி வழி இருக்கிறது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் அந்த வழியில் போனோம். வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டேன். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் கொடுத்தேன்.

சொகுசுக்காக மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இந்த வழி இல்லை. வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

மார்ச் 10

பேனார்டு ராடில் அடி வாங்கினேன்.

டீசல் டேங்குக்கு இடம் விட்டு 600 மி.மீ. நீளத்தில் ஒரு ராடு, அதுவும் ஓடும் உயரத்திலேயே 50 மி.மீ. சாய்வாக, தற்காலிகமாக டாக் வெல்டில் பிடித்துவைத்தேன். ஸ்டாண்டில் நிறுத்தி, பலூன் இல்லாமல், ஜாக்கியில் ஆக்ஸிலை ஏற்றினேன். 80 மி.மீ. வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் இடப்பக்க டயர் உள்மட்கார்டில் உரசும் சத்தம். இறக்கிப் பார்த்தால் தகரத்தில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று ஒரு கோடு, விரல் அகலம்.

கணக்கு போட்டால் 17 மி.மீ. நகர்ந்திருக்கிறது. ராடு வட்டத்தில்தானே சுற்றும். சாய்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் வட்டத்தின் செங்குத்தான பகுதிக்குப் போய்விடுகிறது. அதே 600 ராடு மட்டமாக இருந்திருந்தால் 100 மி.மீ. ஏற்றத்துக்கு 8.4. 900 மி.மீ. ராடு மட்டமாக இருந்தால் 5.6. டேங்கை நகர்த்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ராடு இப்போது 900, ஓடும் உயரத்தில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது.

பலூனை மாட்டாமல் முழு ஏற்றம், முழு இறக்கம் இரண்டையும் ஜாக்கியில் பார்த்ததால்தான் இது வீட்டு வாசலில் தெரிந்தது.

மார்ச் 11

பிரேக் ஹோஸைப் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: ஆமாம், பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அதே சோதனையில் பார்த்தேன். முழு இறக்கத்தில் ஹோஸ் வயலின் கம்பி மாதிரி இழுத்து நின்றது. நீளமானது போட்டாகிவிட்டது.

ஏப்ரல் 7

வெல்டிங் முடிந்தது. ஹவுசிங்கில் லிங்க் மாட்டும் பிராக்கெட் வைக்கும்போது ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், ஹவுசிங் வாழைப்பழம் மாதிரி வளையும். ஒரு அங்குலம் இங்கே, எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம், கை வைக்கும் சூடு வரும்வரை காத்திருந்து மறுபடி. இரண்டு நாள் ஆனது. கிரௌன் பல்சக்கரம் இருக்கும் நடுப்பகுதி வார்ப்பு, அதில் தீயே காட்டவில்லை.

வெல்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் டி.பி. டெஸ்ட் நானே செய்தேன், பட்டறையில் தினமும் செய்வதுதான். சிவப்பு மையைத் தெளித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தேன். ஏழு பிராக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வலப்பக்க மேல் லிங்க் பிராக்கெட்டின் ஓரத்தில் மட்டும் மெல்ல ஒரு சிவப்பு முடி எழுந்தது, அரை நகத்து நீளம்கூட இல்லை. வெறும் கண்ணுக்கு அந்த வெல்ட் எட்டிலும் அழகானது. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். தம்பி பக்கத்தில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அது என் உயிர்க்கோடு மாதிரி இருக்கு" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

மே 12

ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு விஷயம்.

ஒன்று, இரண்டு பலூனுக்கும் ஒரே குழாய் கொடுத்து நடுவில் டி வடிவ இணைப்பு வைத்திருந்தேன். ஏலகிரி போகலாம் என்றான் தம்பி. 14 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே திரும்பிவிட்டோம். வளைவில் வெளிப்பக்கப் பலூன் அழுந்தும்போது அதன் காற்று உள்பக்கப் பலூனுக்கு ஓடுகிறது, அது இன்னும் தூக்குகிறது, வண்டி சாய்ந்துகொண்டே போகிறது. நாற்காலியைத் தரையில் நான்கு பெல்ட்டால் கட்டியிருந்தோம், இருந்தாலும் தம்பி முகம் வெளுத்துவிட்டது. இப்போது பக்கத்துக்கு ஒரு குழாய், பக்கத்துக்கு ஒரு உயர வால்வு, அது எடை மாறினாலும் வண்டி உயரத்தை ஒரே அளவில் வைக்கும்.

இரண்டு, அக்னி நட்சத்திர வெயில். உயர வால்வு போடாமல் அழுத்தத்தை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு: காலை 25 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்தால், பலூனின் கொள்ளளவு மாறாதவரை, பலூனுக்குள் 45 டிகிரி ஆகும்போது 35 ஆகும். பலூன் அதற்கேற்ப எழும்பப் பார்க்கும். வேலூர் வெயிலில் காலை உயரம் மதியம் இருக்காது.

மே 13

புஷ் பற்றிக் கேட்டவருக்கு: ரப்பர்தான். பாலியூரித்தேன் போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்து நின்றது, ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது நான்கு லிங்கும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்துக்கொண்டன. இணையான நான்கு லிங்கில் கெட்டியான புஷ் போட்டால் அது வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் மாதிரி ஆகிவிடும், அந்த முறுக்கு முழுவதும் பிராக்கெட் வெல்டில் போய் நிற்கும்.

ஜூன் 16

இதை ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. முதல் பதிவுக்கு மேலே இதைப் படியுங்கள்.

நிறைய வேன்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேசிஸில் இருக்கும் பிரேக் வால்வுக்குப் போகும். எடை ஏற ஏற வண்டி தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பலூனும் உயர வால்வும் போட்ட பிறகு எத்தனை பேர் ஏறினாலும் உயரம் மாறுவதில்லை. ஆகவே அந்தக் கம்பிக்கு வண்டி எப்போதும் ஒரே எடைதான். காலி என்று நினைத்துக்கொண்டால் முழு எடையில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும், முன்னால் எல்லாப் பாரமும் விழும்.

காட்பாடி பாலத்து இறக்கத்தில் ஆறு பேரோடு பிரேக் போட்டபோது மூக்கு வழக்கத்தைவிட அதிகம் குத்தியது. அதைப் பிடித்துக்கொண்டு தேடினேன். பிரேக் வேலை மட்டும் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய், பலூன் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்யும் வால்வாக மாற்றி, காலியாகவும் எடையோடும் இரண்டு முறையும் அழுத்தமானி வைத்து அளந்து சரிசெய்தோம். இதை நானாகச் செய்யவில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

ஜூலை 7

ஜனவரியில் எழுதிய தள உயரம் 540 தப்பு, நல்ல தப்பு. ஆக்ஸிலில் 100 இறங்கினால் கதவிலும் 100 என்று வைத்திருந்தேன். பின்பகுதி மட்டும் இறங்கும்போது வண்டி முன் ஆக்ஸிலைச் சுற்றித்தான் சாய்கிறது. வீல்பேஸ், அதாவது இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே, 2500, பின் ஆக்ஸிலிலிருந்து கதவு 900. ஆகவே கதவில் 136 இறங்குகிறது. டேப் வைத்து அளந்தேன், 505. தள்ளும் விசை 23 கிலோ.

அம்மா நேற்று தனியாக ஏற்றினார். நடுவில் நிற்கவில்லை.

ஜூலை 21

சொகுசு எவ்வளவு என்று கேட்டவருக்கு ஒரு எண். ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அழுந்தியிருக்கிறது என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் வண்டி நொடிக்கு எத்தனை முறை குதிக்கும் என்று வரும். பட்டை காலி வண்டியில் 45 மி.மீ.தான் அழுந்தியிருந்தது, நொடிக்கு 2.35. பலூனில் அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது, அதனால் ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு பம்பரை அழுத்திவிட்டு மொபைலில் நேரம் பார்த்தேன், பத்து குதிக்கு எட்டு நொடி, அதாவது 1.25. பட்டையில் எடை ஏறினால்தான் மென்மை வரும். பலூனில் எடையோடு விறைப்பும் சேர்ந்து ஏறுவதால் காலியோ நிறைவோ ஏறக்குறைய அதே 1.25.

தம்பிக்கு எண் வேண்டாம். பாகாயம் போய்த் திரும்பும்போது முன்பெல்லாம் இரண்டு கையாலும் சக்கர விளிம்பை இறுக்கிப் பிடித்திருப்பான். போன வாரம் வழியில் கண்ணாடியில் பார்த்தேன், ஒரு கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

ஆகஸ்ட் 4

குடியாத்தத்துக்காரர் வரும் ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி வருகிறார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்றார், அதுவும் அவருடைய மாமனாருக்கான சக்கர நாற்காலி வண்டி என்று இப்போதுதான் சொல்கிறார். ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும்: பட்டையைக் கழற்றாமல் வாருங்கள். ஓடும் உயரம், பினியன் கோணம், ஆக்ஸில் மையம் மூன்றும் அந்தப் பழைய பட்டையில்தான் எழுதியிருக்கிறது. டீசல் முழுதாக நிரப்பி, டயரில் காற்று சரிபார்த்து, சமதரையில் நிறுத்தி, தூக்குகுண்டு விட்டு அளந்து, சேசிஸில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் முதல் யூ போல்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. மாமனார் உட்காரும் நாற்காலியையும் ஏற்றி வாருங்கள், அதன் எடையைப் போட வேண்டும்.